கம்பங்களுக்கு நடுவிலிருந்து பெஞ்சுக்கு: ஹேண்ட்பால் கோல்கீப்பர் பயிற்சியாளராகும் பாதை

டென்மார்க் ஆண்கள் அணியை 2019, 2021, 2023, 2025 என்று அடுத்தடுத்து நான்கு முறை உலகச் சாம்பியனாக்கிய நிகோலாய் யாகோப்சன், தான் ஆடிய காலத்தில் இடது விங், அதாவது களத்தின் இடது ஓரத்தில் ஆடுபவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜெர்மனியை வெள்ளிப் பதக்கம் வரை கொண்டுபோன ஆல்ஃபிரெத் கிஸ்லாசன், பின்வரிசையிலிருந்து பந்தெறிந்தவர். போலந்தின் கியெல்ட்ஸே அணியைப் பல ஆண்டுகளாக நடத்திவரும் தலாந்த் துஷெபாயேவ், நடுவில் நின்று ஆட்டத்தை ஓட்டியவர். 1978ல் வீரராகவும் 2007ல் பயிற்சியாளராகவும் உலகப் பட்டம் வென்ற ஹைனர் பிராண்ட், எதிரணித் தடுப்புச் சுவருக்குள் முட்டி மோதிய பிவட். ஜெர்மனியின் கீல் அணியின் ஃபிலிப் யீகா, பிரான்சுக்கு டோக்கியோவில் தங்கம் வாங்கித் தந்த கியோம் ஜில் என்று பட்டியல் நீண்டாலும் அதே கதைதான். எல்லோரும் களத்தில் ஓடி ஆடியவர்கள். கோல்கீப்பர் ஒருவர்கூட இந்த வரிசையில் இல்லை.

இது யோசிக்க வேண்டிய விஷயம். ஹேண்ட்பாலில் ஒரு ஆட்டத்தின் முடிவை கோல்கீப்பரைப் போல மாற்றக்கூடியவர் வேறு யாரும் இல்லை என்பதை எந்தப் பயிற்சியாளரும் ஒப்புக்கொள்வார். அறுபது நிமிடமும் முழுக் களத்தையும் முன்னால் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவரும் அவர்தான். அப்படிப்பட்டவர் ஓய்வுபெற்றதும் தலைமைப் பயிற்சியாளராக ஆவது ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது? கோல்கீப்பர்கள் பயிற்சித் துறைக்கு வராமல் இல்லை. நிறையவே வருகிறார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் ‘கோல்கீப்பர் பயிற்சியாளர்’ என்ற பதவியில் அமர்கிறார்கள், அங்கேயே இருந்துவிடுகிறார்கள். அந்தப் பதவி வெளியில் தெரிவதைவிடப் பெரியது என்பது என் எண்ணம். அதிலிருந்து தலைமைப் பொறுப்புக்குப் போகும் வழி குறுகலாக இருப்பதற்கும் காரணம் உண்டு. அந்தக் காரணம் திறமைக் குறைவு இல்லை. கோல்கீப்பர் நின்று பார்த்த இடம்தான் அதைத் தீர்மானிக்கிறது.

முதலில் அந்த இடத்தைப் பார்ப்போம். களம் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். கோல் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். கோலைச் சுற்றி 6 மீட்டர் தூரத்தில் வளைந்து செல்லும் கோட்டுக்குள் கோல்கீப்பருக்கு மட்டுமே இடம். மற்றவர்கள் அந்தக் கோட்டுக்கு வெளியிலிருந்து குதித்து, காற்றில் இருக்கும்போதே உள்ளே எறியலாம். ஆண்கள் ஆட்டத்தில் பந்தின் எடை 425 முதல் 475 கிராம் வரை. நல்ல பேக் ஒருவர், அதாவது பின்வரிசை வீரர், எறியும் பந்து மணிக்கு 100 கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 9 மீட்டரைக் கடக்கப் பந்துக்கு ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. ஒரு வெளிச்சத்தைப் பார்த்து விரலை அசைக்க மனிதருக்கு ஏறத்தாழ 0.2 நொடி வேண்டும். மிச்சமிருக்கும் 0.1 நொடியில் கால் மேல் மூலைக்குப் போகாது, கை கீழ் மூலைக்குப் போகாது. பந்தைப் பார்த்தபிறகு அசைகிற கோல்கீப்பரால் தூர எறிவுகளைத் தடுக்க முடியாது என்பதே இதன் பொருள். எறிபவர் எந்தக் காலில் எழும்புகிறார், தோள் எவ்வளவு திரும்பியிருக்கிறது, முழங்கை எந்த உயரத்தில் நிற்கிறது, எதிரே நிற்கும் தடுப்பாளர் எந்தப் பக்கத்தை மறைத்திருக்கிறார் என்பதையெல்லாம் பந்து கையை விட்டுக் கிளம்பும் முன்பே அவர் படித்து முடித்திருக்க வேண்டும். சில சமயம் ஒரு மூலையை வேண்டுமென்றே திறந்து காட்டி, எறிபவர் அதை நம்பும் கணத்தில் மூடுவார்.

இவ்வளவு செய்தும் வெற்றி விகிதம் குறைவுதான். தன்மேல் வரும் எறிவுகளில் மூன்றில் ஒன்றைத் தடுத்தால் நல்ல நாள். 40 சதவீதத்தைத் தொட்டால் மறுநாள் செய்தித்தாளில் அவர் படம் வரும். அணி வென்ற ஆட்டத்திலேயே இருபத்தைந்து, முப்பது முறை பந்தை வலைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்திருப்பார். தோல்வியை இத்தனை முறை விழுங்கிவிட்டு, அடுத்த பத்து நொடிக்குள் மறுபடி தயாராக நிற்கும் பழக்கம் பயிற்சியாளராகும்போது பெரிய மூலதனமாகிறது. ஒரு வீரர் தவறு செய்துவிட்டு நொந்து நிற்கும்போது அவரிடம் என்ன சொல்ல வேண்டும், எப்போது எதுவும் சொல்லாமல் விட வேண்டும் என்பது கோல்கீப்பருக்கு உடம்பிலேயே தெரியும்.

ஒற்றைத் தடுப்பு ஒரு நாட்டின் வரலாற்றையே திருப்பிவிட்ட நிகழ்வுகளும் உண்டு. 1976 மார்ச் 6 அன்று, அப்போது கார்ல்-மார்க்ஸ்-ஷ்டாட் என்று பெயர்கொண்டிருந்த நகரில், கிழக்கு ஜெர்மனியும் மேற்கு ஜெர்மனியும் மான்ட்ரியல் ஒலிம்பிக் இடத்துக்காக மோதின. முடியும் தறுவாயில் கிழக்கு ஜெர்மனிக்கு ஒரு ஏழு மீட்டர் வீச்சு, அதாவது பெனால்டி, கிடைத்தது. அது கோலாகியிருந்தால் அவர்களுக்குத்தான் ஒலிம்பிக். ஹான்ஸ் எங்கல் எறிந்ததை மான்ஃபிரெட் ஹோஃப்மன் தடுத்தார். இரண்டு ஆண்டு கழித்து மேற்கு ஜெர்மனி உலகச் சாம்பியனானபோதும் அவர் அணியில் இருந்தார். நான்கு ஆண்டு கழித்துக் கிழக்கு ஜெர்மனிக்கும் அதேபோன்ற ஒரு கணம் வாய்த்தது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக் இறுதி, கூடுதல் நேரம், சோவியத் யூனியனுக்கு எதிராக 23–22. கடைசி நொடிகளில் வந்த எறிவை வீலாண்ட் ஷ்மிட் தடுக்க, தங்கம் கிழக்கு ஜெர்மனிக்குப் போனது.

இந்த இரண்டு தடுப்புகளைப் பற்றியும் பேசுபவர்கள் துணிச்சலையும் அனிச்சையையும்தான் புகழ்வார்கள். அன்றைய பயிற்சி முறையும் அப்படித்தான் நினைத்தது. கோல்கீப்பர் என்பவர் பிறவியிலேயே அமைந்தவர், அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை என்ற எண்ணம் வெகுகாலம் நிலவியது. அணியின் பயிற்சி நேரத்தில் அவர் வேலை, எறிபவர்கள் கையைச் சூடேற்றிக்கொள்ள எதிரே நிற்பது. இதில் ஒரு ஆழமான கேடு இருக்கிறது. எறிபவர்கள் வரிசையாக வந்து ‘முதலில் மேல் இடது, பிறகு மேல் வலது’ என்று முன்கூட்டிச் சொன்ன மூலைகளில் எறிவார்கள். பந்து எங்கே வரும் என்று தெரிந்திருப்பதால் கோல்கீப்பர் முன்னதாகவே அசையப் பழகிவிடுவார். ஆட்டத்தில் அந்தப் பழக்கமே அவரைக் கவிழ்க்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பயிற்சி சுறுசுறுப்பாக நடப்பதுபோல் இருக்கும். உள்ளே நின்றவருக்குத்தான் தான் எதைக் கற்றுக்கொண்டிருக்கிறோம் என்பது புரியும். கோல்கீப்பர்கள் பயிற்சியாளர்களாக வரத் தொடங்கியபோது முதலில் மாறியது இந்த வரிசைதான்: உடம்பு சூடேறும் வரை மட்டுமே தெரிந்த மூலைகள், அதன்பின் எல்லாமே எறிபவரின் விருப்பம், எறிபவருக்கு எதிரே ஒரு தடுப்பாளரும் நிற்க வேண்டும்.

இந்தப் பதவி எப்படிக் கனம் பெற்றது என்பதை அறிய ஸ்வீடனைப் பார்க்க வேண்டும். 1990ல் பிராக் நகரில் சோவியத் யூனியனை 27–23 என்று வென்று உலகச் சாம்பியனான ஸ்வீடன் அணியில் மட்ஸ் ஓல்சன், தொமாஸ் ஸ்வென்சன் என்று இரண்டு கோல்கீப்பர்கள் இருந்தார்கள். ஒருவர் முப்பது வயதில் உச்சத்தில் இருந்தார், மற்றவருக்கு இருபத்திரண்டு. பெங்ட் யோஹான்சன் பயிற்றுவித்த அந்த அணி 1990களை ஆண்டது. ஒலிம்பிக் தங்கம் மட்டும் கைக்கு வரவில்லை. 1992, 1996, 2000 என்று மூன்று முறை வெள்ளி. ஓல்சனும் ஸ்வென்சனும் ஆட்டத்தை முடித்துக்கொண்டபின் இருவருமே கோல்கீப்பர்களைப் பயிற்றுவிக்கப் போனார்கள். இருவர் போன வழியும் வெவ்வேறு.

ஓல்சன் சென்றது நார்வே பெண்கள் அணிக்கு. 2008 பெய்ஜிங்கிலும் 2012 லண்டனிலும் அந்த அணி ஒலிம்பிக் தங்கம் வென்றது. இடையில் தலைமைப் பயிற்சியாளர் மாறினார்; மாரித் பிரைவிக் போய் தோரிர் ஹெர்கெய்ர்சன் வந்தார். கோல்கீப்பர் பயிற்சியாளர் மாறவில்லை. காத்ரினா லுண்டே, காரி கிரிம்ஸ்போ ஆகிய கோல்கீப்பர்கள் அவர் பார்வையில் வளர்ந்தவர்கள். லுண்டே 2024 பாரிஸில் 44 வயதில் மறுபடியும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். ஒரு அணி இருபது ஆண்டுகளாக உலகின் முதல் வரிசையில் நிற்கிறது என்றால் அதன் தாக்குதல் முறை பற்றி நிறைய எழுதப்படும். அந்தத் தாக்குதலின் பெரும்பகுதி வேகமான எதிர்த்தாக்குதல். அது தொடங்குவது கோல்கீப்பரின் தடுப்பிலும், தடுத்த உடனே அவர் முன்னால் எறியும் முதல் பாஸிலும்தான். இதை நினைத்துப் பார்த்தால் ஓல்சனின் பங்கு எவ்வளவு என்று புரியும். அவர் போர்ச்சுகல் ஆண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகவும் இருந்திருக்கிறார். ஆனாலும் அவர் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் நினைவு வருவது நார்வேயின் கோல்கீப்பர்களே.

ஸ்வென்சனின் வாழ்க்கை கிளப் வழியில் நகர்ந்தது. 1995ல் ஸ்பெயினின் பிடாசோவா இருன் ஐரோப்பிய சாம்பியனானபோது அவர் அங்கே இருந்தார். பிறகு பார்சிலோனாவுக்குச் சென்று 1996 முதல் 2000 வரை தொடர்ச்சியாக ஐந்து பட்டங்கள். அங்கே அவருடன் கோலைப் பகிர்ந்துகொண்டவர் டேவிட் பாருஃபெட். ஆட்டத்தை ஜெர்மனியில் ரைன்-நெக்கார் லோவன் அணியில் முடித்த ஸ்வென்சன், அங்கேயே பயிற்சிப் பணிக்குத் திரும்பினார். பின்னர் மாக்டெபர்க், ஐஸ்லாந்து தேசிய அணி என்று தொடர்ந்தார். ஸ்காண்டிநேவிய முறையில் வளர்ந்து, ஸ்பெயினில் முதிர்ந்து, ஜெர்மனியின் இடைவிடாத லீக் அட்டவணையை உடம்பால் அறிந்தவர் அவர். ஒரே கோலை நாடுகள் வெவ்வேறு விதமாகக் காக்கின்றன. சிலர் கோட்டை ஒட்டி நின்று கைகால்களை எட்டவிடுவார்கள், சிலர் முன்னேறி வந்து கோணத்தைச் சுருக்குவார்கள், சிலர் நெருங்கிய எறிவுகளுக்குக் கைகால்களை விரித்து எழும்பி உடம்பையே சுவராக்குவார்கள். இவற்றையெல்லாம் வாழ்ந்து பார்த்தவரால்தான் எதிரே இருக்கும் இளைஞரின் உயரத்துக்கும் இடுப்பின் வளைவுக்கும் எது பொருந்தும் என்று சொல்ல முடியும்.

இங்கேதான் பெரிய கோல்கீப்பர்கள் பலர் சறுக்குகிறார்கள். தனக்கு எது வேலை செய்ததோ அதையே சொல்லிக்கொடுக்கும் ஆசை யாருக்கும் வரும். இரண்டு மீட்டர் உயரமுள்ள ஒருவர் அசையாமல் காத்திருந்து தடுத்ததை, அவரைவிடப் பதினைந்து சென்டிமீட்டர் குட்டையான ஒருவர் செய்தால் மேல் மூலைகள் எல்லாம் திறந்துகிடக்கும். அதோடு, உள்ளுணர்வால் ஆடியவர்களுக்குத் தாங்கள் என்ன செய்தோம் என்பதை வார்த்தையில் வைக்க வராது. ‘அங்கே வரும் என்று தெரிந்தது’ என்று சொல்வார்கள். எப்படித் தெரிந்தது என்று திரும்பக் கேட்டுக் கேட்டு, தன் நினைவிலிருந்து அந்தத் தோளையும் அந்தக் காலடியையும் தோண்டி எடுக்கத் தெரிந்தவர்தான் ஆசிரியராகிறார்.

கோல்கீப்பர் பயிற்சியாளரின் வாரம் எப்படிப் போகிறது என்று பார்த்தால் அந்த வேலையின் எடை தெரியும். அடுத்த எதிரணியின் ஒவ்வொரு எறிபவரையும் வீடியோவில் தனித்தனியாக வெட்டி எடுக்க வேண்டும். வலது விங்கில் இருப்பவர் கோணம் குறையும்போது கீழே எறிகிறாரா, காதோரம் எறிகிறாரா? பிவட்டுக்குப் பந்து கிடைத்தால் எந்தப் பக்கம் திரும்புகிறார்? ஏழு மீட்டர் வீச்சுக்கு வருபவர், ஆட்டம் நெருக்கமாக இருக்கும்போது தன் பிடித்தமான மூலைக்குப் போகிறாரா, மாற்றுகிறாரா? சேகரிப்பது பாதி வேலை. மீதிப் பாதி, அதில் எதைச் சொல்லாமல் விடுவது என்று முடிவெடுப்பது. இருபது எறிபவர்களின் பழக்கங்களை மனப்பாடம் செய்துகொண்டு களத்துக்கு வரும் கோல்கீப்பர், நினைவுபடுத்திப் பார்ப்பதற்குள் பந்து உள்ளே போயிருக்கும். ஆட்களுக்கு ஏற்ப இந்த அளவு மாறும். ஒருவர் ஐம்பது துணுக்குகளைக் கேட்பார், இன்னொருவருக்கு ஐந்து போதும். உள்ளே நின்ற அனுபவம் உள்ளவருக்கு இந்த வேறுபாடு எளிதில் பிடிபடுகிறது.

இதைவிட நுட்பமான வேலை ஒன்று உண்டு. அது கோல்கீப்பருக்கும் தடுப்பாளர்களுக்கும் இடையிலான ஒப்பந்தம். தூரத்திலிருந்து எறிவு வரும்போது தடுப்பாளர்கள் கைகளை உயர்த்தி ஒரு மூலையை மறைப்பார்கள், மறுமூலை கோல்கீப்பருக்கு. எந்த மூலை யாருக்கு என்பதை முன்பே பேசி முடித்திருப்பார்கள். கோல் விழுந்தபின் அரங்கத்தில் இருப்பவர்கள் கோல்கீப்பரைத்தான் குறை சொல்வார்கள். பந்து தடுப்பாளர் பொறுப்பேற்ற மூலை வழியாகப் போயிருக்கலாம். கோல்கீப்பர் தன் மூலையை விட்டுவிட்டு ஆசையில் இன்னொன்றுக்கு ஓடியிருக்கலாம். மறுநாள் வீடியோ அறையில் இதைத் தீர்த்துவைப்பவர் கோல்கீப்பர் பயிற்சியாளர். அதற்கு அவர் தடுப்பாட்டத்தின் முழு அமைப்பையும் அறிந்திருக்க வேண்டும். ஆகவே பல அணிகளில் அவரே தடுப்பாட்டத்துக்கும் உதவிப் பயிற்சியாளராக ஆகிவிடுவதில் வியப்பில்லை.

மாற்று கோல்கீப்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அணியில் இரண்டு பேர் இருப்பார்கள், களத்தில் ஒருவர். மற்றவர் ஒரு ஏழு மீட்டர் வீச்சுக்கு மட்டும் எழுந்து வந்து, ஒரே ஒரு எறிவைச் சந்தித்துவிட்டு மறுபடி உட்காரலாம். 2018 ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் ஸ்பெயினின் கொன்சாலோ பெரெஸ் தெ வர்காஸ் காயமடைந்ததும், அணியிலேயே இல்லாத ஆர்பாத் ஸ்டெர்பிக் அழைக்கப்பட்டார். வந்திறங்கி, பிரான்சுக்கு எதிரான அரையிறுதியில் ஏழு மீட்டர் வீச்சுகளைத் தடுத்தார். இறுதியில் ஸ்வீடனை 29–23 என்று ஸ்பெயின் வீழ்த்தியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. தொடர் முழுவதும் அணியோடு இல்லாத ஒருவர் இரண்டு ஆட்டங்களில் இதைச் செய்ய முடிந்தது என்றால், எறிபவர்களை அவர் எத்தனை ஆண்டுகளாக மனதில் பதிந்து வைத்திருந்தார் என்று எண்ணிப்பார்க்கலாம். ஆட்டத்தை முடித்துக்கொண்ட பின் ஹங்கேரியின் வெஸ்ப்ரேம் அணியில் அவர் கோல்கீப்பர் பயிற்சியாளரானது மிக இயல்பான தொடர்ச்சி.

இனி அந்தக் குறுகிய வழிக்கு வருவோம். கோல்கீப்பர் முழுக் களத்தையும் பார்க்கிறார் என்று தொடக்கத்தில் சொன்னேன். அவர் பார்ப்பது எதை என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். எதிரணியின் தாக்குதலை அவர் மிக அருகில், முகத்துக்கு நேராக, ஆயிரக்கணக்கான முறை பார்க்கிறார். தன் அணியின் தடுப்பாட்டத்தைப் பின்னாலிருந்து, ஒவ்வொருவரின் கால்வைப்பும் தெரியும்படி பார்க்கிறார். தன் அணியின் தாக்குதலையோ முப்பது மீட்டருக்கு அப்பால், முதுகுகளாக மட்டுமே பார்க்கிறார். அதில் ஒருநாளும் பங்கேற்றதில்லை. எதிரே வரும் தடுப்பாளரின் எடையைத் தோளில் வாங்கிக்கொண்டு, அரை நொடியில் எறிவதா பாஸ் கொடுப்பதா என்று முடிவெடுத்த அனுபவம் அவருக்கு இல்லை. தலைமைப் பயிற்சியாளரிடம் கிளப்கள் எதிர்பார்ப்பதோ பெரும்பாலும் அதைத்தான். நேர இடைவேளையில் பலகையில் ஒரு தாக்குதலை வரைந்து காட்டுபவரே அவர்கள் கண்ணுக்குப் பயிற்சியாளராகத் தெரிகிறார்.

இந்த இடைவெளியைத் தாண்டியவர்கள் உண்டு. அபாஸ் அர்ஸ்லானகிச்சை முதலில் சொல்ல வேண்டும். உள்ளரங்க ஹேண்ட்பால் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்ற 1972 மியூனிக்கில், இறுதியில் செக்கோஸ்லோவாக்கியாவை 21–16 என்று வென்று தங்கம் பெற்ற யூகோஸ்லாவிய அணியின் கோல்கீப்பர்களில் ஒருவர் அவர். 1976ல் அவருடைய போராட்ஸ் பாஞ்ஞா லூகா ஐரோப்பிய கிளப் சாம்பியனானது. பிறகு பயிற்சியாளராகி, 1988 சியோல் ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா வெண்கலம் வென்றபோது அணியை நடத்தினார். அன்றைய யூகோஸ்லாவியாவில் பயிற்சியாளர்கள் உடற்கல்விக் கல்லூரிகள் வழியாக வந்தார்கள், ஆட்டத்தை ஒரு பாடமாகப் படித்தார்கள். எந்த இடத்தில் ஆடினோம் என்பது அங்கே அவ்வளவு பெரிய சுமையாக இருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்த தலைமுறையில் குரோவேஷியாவின் விளாடோ ஷோலா. 2003ல் லிஸ்பனில் ஜெர்மனியை 34–31 என்று வென்று உலகச் சாம்பியன், மறு ஆண்டு ஏதென்ஸில் அதே ஜெர்மனியை 26–24 என்று வென்று ஒலிம்பிக் சாம்பியன். அதன்பின் ஹங்கேரியின் தாதபானியா, ஜாக்ரெப், மான்டிநீக்ரோ தேசிய அணி என்று தலைமைப் பொறுப்புகளையே வகித்தார். கோல்கீப்பர் பயிற்சியாளர் என்ற அறைக்குள் அடைபடாமல் இருந்தது அவர் வாழ்க்கையின் முக்கியமான வேறுபாடு. பெரிய அணிகளில் தொடக்கத்திலேயே வாய்ப்புக் கேட்காமல், நடுத்தர அணிகளைக் கையில் எடுத்து, தாக்குதலை அமைக்கும் வேலையைத் தானே செய்து பழகுவதற்கு அந்த வழி இடம் கொடுக்கிறது.

கோல்கீப்பராக இருந்த தலைமைப் பயிற்சியாளருக்கு ஒரு சாதகமும் இருக்கிறது, அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. அவர் தாக்குதலைப் பின்னாலிருந்து முன்னாக யோசிக்க முடியும். எந்த எறிவைக் கோல்கீப்பர்கள் வெறுக்கிறார்கள், எந்த எறிவை உள்ளுக்குள் வரவேற்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். குறுகிய கோணத்தில் விங்கிலிருந்து எழும்புபவர் காற்றில் அரைக் கணம் அதிகம் காத்திருந்தால் என்ன ஆகும், தூரத்திலிருந்து எறிபவர் தரையில் ஒரு காலடியைக் குறைத்தால் கோல்கீப்பரின் கணக்கு எப்படிக் குலையும் என்பதை அவரால் விங்குக்கும் பேக்குக்கும் சொல்லித்தர முடியும். களத்தில் ஆடிய பயிற்சியாளர் நல்ல எறிவு வாய்ப்பை உருவாக்கக் கற்றுத்தருவார். அந்த வாய்ப்பு கைக்கு வந்தபின் என்ன செய்வது என்பதில் கோல்கீப்பரின் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு.

இன்னொன்று, கோல்கீப்பரை எப்போது மாற்றுவது என்ற முடிவு. பத்து நிமிடம் ஒரு தடுப்பும் இல்லையென்றால் பெஞ்ச் பதறும், மாற்று ஆள் எழுந்து நிற்பார். ஆறு மீட்டரில் தனியாக விடப்பட்ட எதிரிகள் எறிந்த பத்துப் பந்துகளை யாராலும் தடுக்க முடியாது என்பதையும், அப்போது மாற்றினால் இருவரின் நம்பிக்கையும் போய்விடும் என்பதையும் அந்த இடத்தில் நின்றவர் உணர்வார். மறுபுறம், புள்ளிவிவரம் நன்றாகவே இருந்தும் கால்கள் ஒரு நொடி தாமதிக்கத் தொடங்கிவிட்டதை அவர் கண் முதலில் கண்டுபிடிக்கும்.

விதிமாற்றங்களும் கோல்கீப்பரின் அறிவை நடுவுக்குக் கொண்டுவந்திருக்கின்றன. 2016 முதல், கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு ஏழாவது களவீரரை இறக்கும் அணி, அவருக்குக் கோல்கீப்பர் நிறச் சட்டை மாட்டிவிட வேண்டியதில்லை. அதன்பின் ஏழு பேருடன் தாக்குவது அன்றாட உத்தியாகிவிட்டது. கோல்கீப்பர் இப்போது பெஞ்சுக்கும் கோலுக்கும் இடையே ஓடிக்கொண்டே இருக்கிறார். பந்து கைமாறிய நொடியில் எதிரணியின் காலியான கோலை நோக்கி முழுக் களத்தையும் தாண்டி எறியவும் செய்கிறார். எதிர்த்தாக்குதல் பாஸைத் தடுக்க வெளியே ஓடிவருபவர், எதிராளியின் மேல் மோதினால் சிவப்பு அட்டை. எனவே எப்போது கிளம்புவது என்பதும் பயிற்சிக்குரிய முடிவு. 2022 முதல், தடையில்லாத நிலையிலிருந்து எறியப்பட்ட பந்து கோல்கீப்பரின் தலையில் பட்டால் எறிந்தவர் இரண்டு நிமிடம் வெளியே போக வேண்டும். பல்லாண்டுகளாகத் தலையில் அடிவாங்கியவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு வெகு தாமதமாகவே வந்தது.

பணத்தின் பக்கமும் ஒன்று சொல்லியாக வேண்டும். முழுநேர கோல்கீப்பர் பயிற்சியாளரை வைத்துக்கொள்ள வசதியுள்ள கிளப்கள் குறைவு. பலர் ஒரு கிளப், ஒரு தேசிய அணி, சில இளையோர் அணிகள் என்று பிரித்துக்கொண்டு வேலை செய்கிறார்கள், அல்லது வேறு தொழிலோடு சேர்த்துச் செய்கிறார்கள். ஜெர்மனியில் ஏழு முறை ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்வான ஆந்திரேயாஸ் தீல் ஒரு வழக்கறிஞர். சட்டத் தொழிலோடு கோல்கீப்பர்களுக்கும் பயிற்சி கொடுத்தார். அந்த அளவு புகழ்பெற்றவருக்கே இது பகுதிநேர வேலை என்றால், இரண்டாம் நிலை லீக்கில் வாரம் இருமுறை வந்துபோகும் முன்னாள் கோல்கீப்பரின் நிலைமையை ஊகிக்கலாம். வருபவர் வாரத்தின் மற்ற நாட்களில் தலைமைப் பயிற்சியாளரோடு உட்கார்ந்து ஆட்டத் திட்டம் வகுப்பதில்லை. அதனால் அடுத்த படிக்கான அனுபவமும் சேர்வதில்லை.

நிர்வாகத்துக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். பிரான்சுக்காக ஐந்து உலகப் பட்டங்களும் இரண்டு ஒலிம்பிக் தங்கங்களும் வென்ற தியரி ஓமேயர், 2019ல் ஓய்வுபெற்று பாரிஸ் சாங்-ஜெர்மெய்ன் ஹேண்ட்பால் அணியின் மேலாளரானார். டேவிட் பாருஃபெட் பார்சிலோனாவின் ஹேண்ட்பால் நிர்வாகத்துக்கு வந்தார். அமைதியாக நின்று ஆட்களை எடைபோடும் பழக்கம் அந்த நாற்காலிக்கு நன்றாகவே பொருந்துகிறது.

கோல்கீப்பர்கள் வயது ஏறியும் ஆடுவது இதில் இன்னொரு சிக்கல். மூன்று வெவ்வேறு கொடிகளின் கீழ் 1988, 1992, 2000 ஆண்டுகளில் ஒலிம்பிக் தங்கம் வென்ற அந்திரேய் லாவ்ரோவ், 2004ல் வெண்கலம் வாங்கும்போது 42 வயது. அவர் வயதொத்த பேக்குகள் அதற்குள் பத்து ஆண்டு பயிற்சி அனுபவத்தோடு தலைமைப் பதவிகளில் இருப்பார்கள். நாற்பதைத் தாண்டி வரும் கோல்கீப்பர் ஆட்டத்தை ஆழமாக அறிந்தவராக இருந்தாலும், பயிற்சியாளர் உரிமப் படிப்பில் அப்போதுதான் முதல் வகுப்பில் உட்காருகிறார். கிளப்களின் கண்ணுக்கு அவர் புதியவர். கையில் தயாராக இருக்கும் வேலை கோல்கீப்பர் பயிற்சிதான், அதை ஏற்றுக்கொள்கிறார்.

இப்போது ஒரு பெரிய தலைமுறை விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. நிக்லாஸ் லாண்டின் 2024 பாரிஸ் தங்கத்தோடு டென்மார்க் அணியிலிருந்து விலகி, கிளப் ஆட்டத்தை மட்டும் தொடர்ந்தார். 2019லும் 2021லும் உலகின் சிறந்த வீரராகத் தேர்வானவர் அவர். அந்த வயதில் இருப்பவர்களில் யாராவது தலைமைப் பயிற்சியாளராக விரும்பினால், ஆடிக்கொண்டிருக்கும் கடைசி ஆண்டுகளிலேயே ஒரு இளையோர் அணியை எடுத்துக்கொள்வது நல்லது. அங்கேயும் கோல்கீப்பர்களை வேறு ஒருவரிடம் விட்டுவிட்டு, தாங்கள் தாக்குதல் பக்கம் நிற்க வேண்டும். முதல் சில மாதங்கள் பாஸின் நேரம், பிவட்டின் திரையமைப்பு, விங்கின் ஓட்டம் எல்லாமே தலைகீழாகத் தெரியும். கிளப்கள் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. கோல்கீப்பர் பயிற்சியாளரை வாரத்தில் ஒரு நாளாவது தாக்குதல் பயிற்சியை நடத்தச் சொல்லலாம். அதற்குத் தனியாகச் செலவில்லை, அட்டவணையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.